கார் பந்தயத்துக்கு 42 கோடி: எங்கள் லாட்ஜ் பதிவேடு என்ன சொல்கிறது?

வாசகர் கேள்வி, 27 ஆகஸ்ட் 2024, செவ்வாய்

தீவுத்திடலைச் சுற்றி நடக்கப்போகும் ஃபார்முலா 4 பந்தயத்துக்கு அரசு பணம் செலவிடுவது சரிதான் என்று நினைக்கிறேன். வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள், அறைகள் நிரம்பும், ஆட்டோக்காரருக்கும் உணவகத்துக்கும் நான்கு காசு போகும். சுற்றுலாவுக்குப் போடும் முதல்தானே இது? எதிர்க்கிறவர்கள் கணக்கோடு வாருங்கள்.

27 ஆகஸ்ட், இரவு

கணக்கோடு வரச் சொல்லிவிட்டீர்கள். எனக்கு வேறு என்ன தெரியும்? திருவல்லிக்கேணியில் 38 அறைகள் கொண்ட ஒரு லாட்ஜில் 19 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். எங்கள் வாசலிலிருந்து நேப்பியர் பாலத்துக்குப் பொடிநடையாகவே போய்விடலாம். பந்தயத்துக்கு இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. பந்தயம் பார்க்க வருகிறேன், அறை வேண்டும் என்று இன்றிரவு வரை ஒருவரும் கேட்கவில்லை. சேப்பாக்கத்தில் ஐபிஎல் ஆட்டம் என்றால் பத்து நாளுக்கு முன்பே மஞ்சள் பனியன் பையன்கள் தொலைபேசியில் கெஞ்ச ஆரம்பித்துவிடுவார்கள்: ஓர் அறை கொடுங்கள் போதும், ஆறு பேரும் தரையில் படுத்துக்கொள்கிறோம் என்று.

ஆக, அறைகள் நிரம்பும் என்றீர்களே, நிரம்பவில்லை. என் கணக்கில் சுழியம்.

28 ஆகஸ்ட்

"ஃபார்முலா பார்க்கிறவன் மேன்ஷனில் தங்குவானா, அவன் நட்சத்திர ஓட்டலுக்குப் போவான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். போகட்டும். ஆனால் கார் பந்தயம் என்றாலே பணக்காரர் பொழுதுபோக்கு என்ற தொனி அதில் இருக்கிறதே, அது இந்த ஊருக்குப் பொருந்தாது.

1983. நான் பத்தாம் வகுப்பு. பிராட்வேயில் ஒரு மெக்கானிக் கடையில் வேலை பார்த்த என் சித்தப்பா, விடியற்காலையில் என்னை எழுப்பி பஸ் ஏற்றினார். செங்குன்றம் தாண்டி சோழவரம். வெள்ளைக்காரன் கார் ஓட்டுவதற்கென்றே போட்டுவைத்த பழைய தளம். தூக்குப் பாத்திரத்தில் புளிச்சோறு. சவுக்குக் கட்டைகளைக் கட்டி வேலி, வளைவில் வைக்கோல் கட்டுகள், அதற்கு இந்தப் பக்கம் நாங்கள். மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர், கல்லூரி மாணவர், குடும்பத்தோடு வந்த ரயில்வே குமாஸ்தா எல்லோரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். பைக்குகள் கடந்து போனதும் ஆமணக்கெண்ணெய் கருகும் ஒரு வாசனை நிற்கும். சித்தப்பா கண்ணை மூடி அதை இழுப்பார். அம்மா வீட்டில் விளக்கெண்ணெய் கொடுக்க வந்தால் ஓடிய நான், அன்று அதே எண்ணெயின் புகையைக் காசு கொடுத்து முகர்ந்துவிட்டு வந்தேன்.

அந்தப் பந்தயத்துக்கு அரசு பணம் போட்டதா? அது மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தியது. 1953-இல் தொடங்கிய கிளப். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகத் தடம் கட்டிக்கொண்டு அங்கே போய்விட்டார்கள். இந்தியாவின் முதல் நிரந்தரப் பந்தயத் தடம் இந்த ஊரின் ஓரத்தில்தான் இருக்கிறது. போன சனி, ஞாயிறு இதே கார்கள் அங்கேதான் ஓடின. நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஓடிய கார்களை இந்த வாரம் நகருக்குள் கொண்டுவருகிறார்கள். அந்த நாற்பது கிலோமீட்டருக்குத்தான் இத்தனை கோடியா என்று கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

29 ஆகஸ்ட்

திருத்தம். சோழவரம் தளம் கார் ஓட்டப் போட்டது அன்று, இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம். சுட்டிக்காட்டிய பொன்னேரி நண்பருக்கு நன்றி. சித்தப்பா சொன்னதை நாற்பது ஆண்டுகள் நம்பிவிட்டேன். அவர் சொன்ன வேறு சிலவற்றையும் இனிச் சரிபார்க்க வேண்டும்.

29 ஆகஸ்ட், இரவு

இன்னொரு திருத்தம், இது கொஞ்சம் வலிக்கிறது. சுழியம் இல்லை, ஒன்று. புதுச்சேரியிலிருந்து ஒருவர் தன் பன்னிரண்டு வயது மகனோடு சனி, ஞாயிறு இரண்டு இரவுக்கு அறை கேட்டிருக்கிறார். பையனுக்கு கார்ட்டிங், அதாவது குட்டிக் கார் பந்தயம் என்றால் பைத்தியமாம்.

31 ஆகஸ்ட், சனி, மாலை 5 மணி

மழை. போன டிசம்பரில் 9, 10 தேதிகளில் நடக்க வேண்டிய பந்தயத்தை மிக்ஜாம் புயல் அடித்துக்கொண்டு போனது நினைவிருக்கும். அப்போது எங்கள் தரைத்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர், மோட்டார் அறைக்குள் மீன். ஊர் மூழ்கிக் கிடக்கும்போது தடம் போடக் கிளம்பினார்களே என்று அன்று எல்லோரும் திட்டினோம், நானும்தான்.

இன்று காலையிலிருந்து ஊர் வேறு காரணத்துக்காகக் காத்திருக்கிறது. உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ. தடத்தைப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். உயர் நீதிமன்றம் முதலில் நண்பகல் வரை கெடு வைத்தது, பிறகு இரவு 8 மணி வரை நீட்டித்தது. புதுச்சேரிப் பையன் வரவேற்பறையில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "சான்றிதழ் வந்துவிட்டதா?" என்று என்னைக் கேட்கிறான். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழுக்கு அலைந்த ஊரய்யா இது, உனக்கும் பழகிவிடும் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அவன் அப்பா சிரித்தார்.

31 ஆகஸ்ட், இரவு

வந்துவிட்டது. மொட்டைமாடியில் நின்றால் சத்தம் கேட்கிறது. தையல் இயந்திரத்தைப் பெரிய பானைக்குள் வைத்து ஓட்டுவதுபோல.

1 செப்டம்பர், ஞாயிறு, நள்ளிரவு தாண்டி

போய்விட்டு வந்தேன். ஆம், நான்தான். புதுச்சேரிக்காரரின் மனைவிக்கென்று வாங்கிய டிக்கெட் ஒன்று மீந்தது. வேண்டாம் என்று இரண்டு முறை மறுத்தேன், மூன்றாம் முறை சட்டை மாற்றப் போனேன்.

பார்த்ததை எழுதுகிறேன். மூன்றரை கிலோமீட்டர் தடம், 19 வளைவுகள். இருபுறமும் இடுப்பளவு கான்கிரீட் தடுப்பு, அதன்மேல் இரும்புக் கம்பி வலை. கார் வருவது முதலில் தெரியாது. தடுப்பின் மேல் கிடக்கும் மழைத்துளிகள் நடுங்கும். நடுங்கிய அடுத்த நொடி ஏதோ ஒரு வண்ணம் கடக்கும். அது மஞ்சளா நீலமா என்று நான் முடிவு செய்வதற்குள் சத்தமும் போய்விடும். இதே கொடிமரச் சாலையில் 19 ஆண்டுகளாக 27டி பஸ்ஸிலும் ஆட்டோவிலும் ஊர்ந்திருக்கிறேன். அண்ணா சாலையைப் பகல்போன்ற வெளிச்சத்தில், ஒரு பஸ்கூட இல்லாமல், மழை கழுவிய கறுப்பில் பார்த்தபோது என் ஊர் இவ்வளவு அழகா என்று தோன்றியது. சொல்லவே கூடாது என்றிருந்தேன். சொல்லிவிட்டேன்.

நாய் புகுந்த கதையும் உண்டு. தடத்துக்குள் தெருநாய் ஒன்று வந்துவிட, பந்தயம் தாமதமானது. 2011-இல் கிரேட்டர் நொய்டாவில் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 நடந்தபோதும் முதல் பயிற்சி ஓட்டத்தில் நாய் வந்து சிவப்புக்கொடி காட்டினார்கள். இந்திய மோட்டார் பந்தயத்தில் ஒருபோதும் வராமல் இருக்காத ஒரே பார்வையாளர் அவர்தான், டிக்கெட்டும் எடுப்பதில்லை.

திரும்பும்போது ஆட்டோ இல்லை. நடந்தேன். ஆரணியிலிருந்து வந்து அறை 22-இல் தங்கியிருப்பவர் எதிரே நடந்து வந்தார். மனைவியை அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார். இரவுச் சாப்பாட்டுப் பையோடு பஸ்ஸைத் தேடிச் சுற்றியிருக்கிறார். "அங்கே என்ன சார் விழா?" என்று கேட்டார். கார் பந்தயம் என்றேன். "யார் ஜெயித்தது?" என்றார். எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, எதற்கு என்று சரியாகச் சொல்ல வரவில்லை.

3 செப்டம்பர்

இனிக் கணக்கு. ஆகஸ்ட் மாதப் பதிவேட்டைப் புரட்டினேன். எங்கள் பதிவேட்டில் பெயர், ஊர், அடையாள அட்டை எண்ணுக்குப் பிறகு "வந்த காரணம்" என்று ஒரு கட்டம் உண்டு. தேர்வு, சிகிச்சைக்குத் துணை, ரிச்சி தெருவில் மின்னணுப் பொருள் கொள்முதல், திருமணம், நீதிமன்றம், இப்படித்தான் நிரம்பும். "சுற்றுலா" என்று எழுதுகிறவர்கள் மாதத்துக்கு நான்கைந்து பேர். அவர்களிலும் பாதிப் பேருக்கு உண்மைக் காரணம் வேறு என்பது என் தனிப்பட்ட கருத்து.

பந்தயம் பார்க்க வந்தவர்கள்: புதுச்சேரி அப்பா, மகன், இரண்டு இரவு. ஞாயிறு கடைசி நேரத்தில் கோவைக் கல்லூரி மாணவர்கள் மூவர், ஒரு இரவு. ஆக மூன்று அறை-இரவுகள்.

பந்தயத்தால் வராமல் போனவர்கள்: போக்குவரத்து மாற்றத்தைச் செய்தியில் பார்த்து, வேலூர், விழுப்புரத்திலிருந்து வழக்கமாக வரும் ரிச்சி தெரு வியாபாரிகள் பயணத்தைத் தள்ளிப்போட்டார்கள். ஒன்பது அறை-இரவுகள்.

மூன்று வரவு, ஒன்பது செலவு. இத்தோடு முடித்திருந்தால் எனக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும். ஆனால் ஆகஸ்ட் 10-ஆம் தேதிப் பக்கத்தில் நான்கு அறைகள், பதினான்கு பேர், காரணம் "வேலை". ஜார்க்கண்ட்காரர்கள். தடுப்பு இறக்கி வைத்து வலை பூட்டும் ஒப்பந்த ஆட்கள். செப்டம்பர் 1 இரவு வரை 23 இரவுகள், நான்கு அறை. 92 அறை-இரவுகள்! தினமும் என் கண்ணெதிரே போய் வந்தவர்கள், படிக்கட்டெல்லாம் சிமென்ட் தூசி ஆக்குகிறார்கள் என்று நானே திட்டியவர்கள். பந்தயம் கொண்டுவந்த விருந்தாளிகள் யார் என்று தேடிக்கொண்டிருந்த எனக்கு அவர்களை எண்ணத் தோன்றவே இல்லை.

மூன்று வாரமும் பக்கத்து மெஸ்ஸில் இரண்டு வேளைச் சாப்பாடு, தேநீர்க் கடை, தொலைபேசி ரீசார்ஜ், ஞாயிறு மாலை மெரினாவில் சுண்டல். ஒன்பது பேர் திருவல்லிக்கேணியில் செருப்பு வாங்கினார்கள். எனக்கெப்படித் தெரியும் என்றால், பழைய செருப்பெல்லாம் எங்கள் மாடிப்படியில்தான் கிடந்தது.

3 செப்டம்பர், இன்னும் கொஞ்சம்

வரி என்ற பக்கத்திலிருந்து பார்ப்போம். அரசு ஒதுக்கியதாகச் சொல்லப்படும் தொகை 42 கோடி. எங்கள் அறை 900 ரூபாய். ஆயிரத்துக்குக் குறைந்த அறைக்கும் 2022 ஜூலையிலிருந்து 12 விழுக்காடு ஜிஎஸ்டி. மாநிலத்தின் பாதி 54 ரூபாய். 42 கோடியை 54-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 78 லட்சம் அறை-இரவுகள். எங்கள் 38 அறையும் ஒருநாள் விடாமல் நிரம்பினால் 560 ஆண்டுகள். விஜயநகர ராயர்கள் காலத்திலேயே நாங்கள் லாட்ஜ் திறந்திருக்க வேண்டும், முதலாளியின் முன்னோர்களுக்குத் தொலைநோக்கு போதவில்லை.

4 செப்டம்பர்

அண்ணா நகர் வாசகர் என் கணக்கைக் கிழித்துவிட்டார், நியாயமாகத்தான். ஒன்று, 10,000 ரூபாய் அறைக்கு 18 விழுக்காடு வரி, மாநிலப் பங்கு 900 ரூபாய், அதாவது எங்கள் அறையின் முழு வாடகை. அந்த விலையில் போனால் 4.67 லட்சம் அறை-இரவு போதும். இரண்டு, விருந்தாளி அறைக்கு மட்டுமா செலவழிக்கிறான், சாப்பாடு, டாக்ஸி, புடவை எல்லாவற்றிலும் வரி இருக்கிறது. மூன்று, போட்ட தார்ச் சாலை பந்தயம் முடிந்ததும் சுருட்டிக்கொண்டு போகப்படவில்லை, நாம்தான் அதில் போகிறோம்.

மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவதை ஒரு சிறு முணுமுணுப்போடு: கார் ஓடிய சாலை வழவழப்பாக இருக்கிறது, எங்கள் தெரு அப்படியே இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு பந்தயம் விட ஏதாவது வழி இருக்கிறதா?

8 செப்டம்பர்

"சிங்கப்பூர் செய்யவில்லையா?" என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். செய்தது. 2008-இல் உலகின் முதல் ஃபார்முலா 1 இரவுப் பந்தயம். செலவில் 60 விழுக்காட்டை அரசு ஏற்றுக்கொண்டது. ஆனால் அதோடு இன்னொன்றும் செய்தது: பந்தய நாட்களில் தடத்தை ஒட்டிய ஓட்டல்களின் அறை வருமானத்தில் 30 விழுக்காடு, மற்ற ஓட்டல்களில் 20 விழுக்காடு தனித் தீர்வையாக வாங்கியது. யார் இலாபம் பார்க்கிறாரோ அவர் பங்கு கொடு. கணக்கு எழுதுகிறவனாக அந்த ஏற்பாட்டுக்கு ஒரு கும்பிடு போடுவேன். இங்கே அப்படிக் கேட்டால் முதல் ஆளாக எங்கள் முதலாளி நீதிமன்றம் போவார், அது வேறு.

அடுத்தது, அது ஃபார்முலா 1. நம்மிடம் வந்தது ஏணியின் அடிப்படி. பதினைந்து வயது நிரம்பினால் ஓட்டலாம், கார்ட்டிங்கிலிருந்து ஏறிவரும் பிள்ளைகளின் முதல் படி. அது தேவையான படி, குறை சொல்லவில்லை. ஆனால் டி.என்.சி.ஏ. நடத்தும் நான்காம் டிவிஷன் கிரிக்கெட் லீக் ஆட்டம் பார்க்க யாராவது டிக்கெட் எடுத்து விமானம் ஏறுவார்களா? ஆட்டக்காரரின் அம்மா வருவார். அந்த அம்மாவுக்கு அறை கொடுக்க நான் தயார்.

மலேசியாவையும் பாருங்கள். செபாங்கில் 1999-இல் தொடங்கி, பக்கத்தில் சிங்கப்பூர் வந்ததும் கூட்டம் குறைந்து, செலவு கட்டவில்லை என்று 2017-ஓடு நிறுத்திக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பந்தயத்துக்கு விக்டோரியா மாநில அரசு ஆண்டுதோறும் பணம் கொட்டுகிறது. அங்கே தணிக்கைத் தலைவர் 2005 பந்தயத்தை எடுத்து வரவு செலவு பார்த்து, பலனைவிடச் செலவு 67 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் கூடுதல் என்று 2007-இல் அறிக்கை கொடுத்தார். அதற்குப் பிறகும் பந்தயம் நடக்கிறது. ஊருக்குப் பிடித்திருக்கிறது, நடத்துகிறார்கள். ஆனால் அங்கே கணக்கு மேசைமேல் இருக்கிறது. நான் கேட்பது அந்த மேசையை.

9 செப்டம்பர்

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தால் நான் ஏதோ பந்தயத்துக்கே எதிரி மாதிரி இருக்கிறது. இல்லை. ஊருக்கு ஒரு திருவிழா நடத்தினோம், இத்தனை செலவாயிற்று என்று சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன். பொங்கலுக்குப் பொருட்காட்சி நடக்கும் அதே தீவுத்திடல்தானே. அங்கே ராட்டினத்தில் ஏறி டெல்லி அப்பளம் தின்றுவிட்டு வருகிறவனிடம் யாரும் அந்நியச் செலாவணி கேட்பதில்லை. "சுற்றுலா வளர்ச்சி" என்று ஒரு பட்டையைக் கட்டியதால்தான் நான் பதிவேட்டை எடுக்க வேண்டியதாயிற்று.

15 செப்டம்பர்

மதுரை வாசகர்: "கீழக்கரையில் ஜல்லிக்கட்டு அரங்கத்துக்கு 60 கோடிக்கு மேல் போட்டபோது எங்கே போயிருந்தீர்கள்?" இங்கேதான் இருந்தேன், யாரும் கேட்கவில்லை. ஒரு வேறுபாடு மட்டும் சொல்கிறேன். அரங்கம் அங்கேயே நிற்கும். தெருப் பந்தயத்துக்கு ஒவ்வொரு முறையும் தடுப்பு இறக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஏற்ற வேண்டும். ஜார்க்கண்ட் ஆட்களுக்கு அது நல்ல செய்தி.

இன்னொருவர் 2022 சதுரங்க ஒலிம்பியாடை நினைவூட்டினார். நேப்பியர் பாலம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம் தீட்டிய அந்தக் கோடைக் கடைசியை மறக்க முடியுமா. அதற்கு நூறு கோடி அளவில் போனது. ஆனால் அங்கே 180-க்கு மேற்பட்ட நாடுகளின் அணிகள் இரண்டு வாரம் மாமல்லபுரத்தைச் சுற்றித் தங்கின. பார்க்க ஆள் வராவிட்டாலும் ஆட வந்தவர்களே அறையை நிரப்பினார்கள். இந்தப் பந்தயத்தில் என் லாட்ஜை நிரப்பியது தடுப்பு பூட்டியவர்கள் என்பதையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் ஏதோ ஒன்று புரிகிறமாதிரி இருக்கிறது: தங்குகிறவன் பார்ப்பவன் இல்லை, வேலைக்கு வந்தவன். ஞாயிறு மாலை பார்த்துவிட்டு மின்சார ரயில் ஏறித் தாம்பரம் போகிறவர் சுற்றுலாப் பயணி ஆகமாட்டார்.

16 செப்டம்பர்

"தாம்பரத்திலிருந்து வருகிறவனை மட்டம் தட்டாதீர்கள்." தட்டவில்லை ஐயா, நான் இருப்பதே குரோம்பேட்டை.

22 டிசம்பர்

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். ஹைதராபாத் செய்தி வந்ததால். 2023 பிப்ரவரியில் உசேன் சாகர் ஏரிக்கரையில் மின்சாரக் கார்களின் ஃபார்முலா இ நடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஆட்சி மாறியது, 2024 பந்தயம் ரத்து. இப்போது, உரிய அனுமதி இல்லாமல் 55 கோடி அளவில் வெளிநாட்டுக்குப் பணம் போனதாக முந்தைய ஆட்சியின் அமைச்சர்மீது லஞ்ச ஒழிப்புத் துறை வழக்கு. அவர் தவறு எதுவும் இல்லை என்கிறார். நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். எனக்குப் பட்டது வேறு. நிரந்தரத் தடம் கட்டிய ஊரில் ஆட்சி மாறினாலும் தடம் இருக்கும். தெருப் பந்தயம் ஒரு கையெழுத்தில் வரும், இன்னொரு கையெழுத்தில் போகும்.

நிரந்தரத் தடம் மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்பீர்கள். கிரேட்டர் நொய்டா புத்தா தடம்: 2011, 12, 13, மூன்று முறையும் ஜெர்மன் ஓட்டுநர் வெட்டல் வென்றார், பிறகு ஃபார்முலா 1 வரவில்லை. அங்கே சிக்கல் வரியில் ஆரம்பித்தது. கேளிக்கை வரியை மாநில அரசு விலக்கியது, அதை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் முதல் பந்தயத்துக்கு முன்பே டிக்கெட் வருவாயில் கால் பங்கைத் தனிக் கணக்கில் போடச் சொன்னது.

இதற்கு நடுவே கோவையை நினைத்துக்கொள்கிறேன். கரிவரதன் மாருதி என்ஜினைப் பொருத்திக் குறைந்த செலவில் பந்தயக் கார் செய்தார். 1995-இல் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் தடம் இருக்கிறது. நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா 1-க்குப் போனது அந்த ஊரிலிருந்துதான். ஐந்தாண்டு கழித்து கருண் சந்தோக் நம் ஊரிலிருந்து போனார். தெருவில் விளக்குப் போட்டதால் கிடைத்தவர்கள் இல்லை இவர்கள். புதுச்சேரிப் பையனுக்கு ஒரு நாள் செட்டிபாளையத்தில் பயிற்சிக்கு என்ன ஆகும் என்று விசாரித்து அவன் அப்பாவுக்குச் சொன்னேன். தொகையைக் கேட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். 42 கோடியில் எத்தனை பிள்ளைகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கலாம் என்ற கணக்கை நான் போட்டுப் பார்த்தேன், இங்கே எழுதவில்லை. மறுபடியும் அண்ணா நகர் வாசகர் கிழிப்பார்.

2 மார்ச் 2025

அந்த 42 கோடியைப் பந்தயம் நடத்தும் தனியார் நிறுவனமே அரசுக்குத் திருப்பித் தர வேண்டும் என்று போன ஆண்டு பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் வைத்த நிபந்தனையை உச்ச நீதிமன்றம் போன மாதம் நீக்கிவிட்டது. என் வகுத்தல் கணக்கு மறுபடியும் உயிர் பெற்றது. 560 ஆண்டுகள், ஆறு மாதம் கழிந்துவிட்டது.

24 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

இந்தப் பக்கத்தைப் பூட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன். வியாழன் காலை வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. போன ஆண்டு தடுப்பு பூட்ட வந்த கூட்டத்தின் மேஸ்திரி. தாயும் தந்தையும் கூட. "அண்ணா, இரண்டு நாள் ரூம்" என்றார், போன ஆண்டு எங்களிடம் கற்ற தமிழில். இந்த முறை பந்தய வேலை இல்லையா என்றேன். கார்கள் இருங்காட்டுக்கோட்டையில்தான் ஓடுகின்றனவாம், அங்கே தடுப்பெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது, இவர்களுக்கு வேலை இல்லை. அம்மாவை வேலூரில் மருத்துவரிடம் காட்ட வந்திருக்கிறார்கள். அதற்கு முன் கடல் காட்ட வேண்டும். இங்கே மூன்று வாரம் பார்த்த கடலைப் பற்றியே ஊரில் பேசிப் பேசி அந்த அம்மாவுக்கு ஆசை மூட்டிவிட்டாராம்.

பதிவேட்டை எடுத்தேன். "வந்த காரணம்" கட்டத்தில் சிகிச்சை என்று எழுதப் போனேன். மேஸ்திரி பேனாவைப் பிடித்துக்கொண்டார். மருத்துவம் வேலூரில், இங்கே அது இல்லை, இங்கே கடல் பார்க்க வந்திருக்கிறோம், அதை எழுதுங்கள் என்றார். சுற்றுலா என்று எழுதினேன்.

நேற்றுக் காலை காலி செய்தார்கள். அந்த அம்மா புடவைத் தலைப்பில் சங்குகளை முடிந்து வைத்திருந்தார், மணல் வரவேற்பறை வரை கொட்டியது, அறைப் பையன் முணுமுணுத்துக்கொண்டே பெருக்கினான். அறை எண் 14, இரண்டு இரவு, 1,800 ரூபாய். மாநிலத்துக்கு வரிப் பங்கு 108 ரூபாய். அண்ணா நகர் வாசகர் 42 கோடியில் கழித்துக்கொள்ளவும்.